ஒரே வடிவம், இரண்டு விலை: கிட்டார் ஒப்பீட்டில் விடுபட்ட அளவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் எலெக்ட்ரிக் கிட்டாரின் மலிவு விலைப் பதிப்பையும் உயர் விலைப் பதிப்பையும் ஒப்பிட்டு வெளிவந்த கட்டுரையை, கிட்டார்களைப் பழுதுபார்த்து, தந்தி உயரம் முதலியவற்றைச் சரிப்படுத்திச் செட்டப் செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் கவனமாகப் படித்தேன். கட்டுரையாளர் இரண்டு கிட்டார்களையும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வாசித்துப் பார்த்திருக்கிறார். மலிவானது விரலை வருத்துகிறது, அதில் சுருதி நிற்பதில்லை, ஒலி தட்டையாக இருக்கிறது என்று எழுதி, இவை அனைத்துக்கும் மரத்தின் தரமே காரணம் என்று முடித்து, புதிதாகக் கற்பவர்கள் பணம் சேரும்வரை பொறுத்திருந்து விலை உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்று அறிவுரை கூறியிருக்கிறார். அவர் உணர்ந்த வேறுபாடு உண்மையானதே. ஆனால் அதற்கு அவர் காட்டும் காரணம் தவறு என்பதும், அந்தக் காரணத்திலிருந்து பிறந்த அறிவுரை கற்பவர்களைத் தேவையின்றிக் காக்க வைக்கும் என்பதும் என் கருத்து. பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இரு கிட்டார்களை ஒப்பிடும்போது நாம் பெரும்பாலும் ஒப்பிடுவது, கடைசிக் கட்டக் கைவேலைக்கு இரு தொழிற்சாலைகளும் ஒதுக்கிய நேரத்தைத்தான்.

இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எவ்வளவு என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. 1954இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிஃபோர்னியாவில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர், தொடக்கத்திலிருந்தே தொழிற்சாலையில் விரைவாகச் செய்வதற்கென்று வடிவமைக்கப்பட்ட கருவியாகும். நெக் எனப்படும் கழுத்துப் பகுதி பசையால் ஒட்டப்படாமல் நான்கு திருகுகளால் பொருத்தப்பட்டது. தந்தியின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் மூன்று பிக்அப்களும் சுவிட்சும் கட்டுப்பாட்டுக் குமிழ்களும் ஒரே தகட்டில் ஏற்றப்பட்டு, அந்தத் தகடு மொத்தமாக உடற்பகுதியின் மேல் திருகப்பட்டது. இன்று அதே வடிவம் கலிஃபோர்னியாவின் கொரோனாவிலும், மெக்சிகோவின் என்செனாடாவிலும் ஃபெண்டர் என்ற பெயரிலும், இந்தோனேசியா, சீனா போன்ற நாடுகளில் ஸ்குவையர் என்ற பெயரிலும் உருவாகிறது. நெக்கின் தலைப்பக்கத்தில் உள்ள நட்டிலிருந்து, தந்திகள் உடற்பகுதியில் தாங்கப்படும் பிரிட்ஜ் வரையிலான தந்தி நீளம் எல்லாவற்றிலும் 648 மில்லிமீட்டர்தான். நெக்கின் குறுக்கே பதிக்கப்படும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்களில் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், அதாவது 324 மில்லிமீட்டரில், அமைய வேண்டும். முதல் ஃபிரெட் நட்டிலிருந்து ஏறத்தாழ 36.4 மில்லிமீட்டரில் அமைய வேண்டும். கணினி வழி இயங்கும் வெட்டும் இயந்திரங்கள் வந்த பிறகு, ஃபிரெட்கள் பதியும் பள்ளங்களை இடம் தவறாமல் வெட்டுவது விலை உயர்ந்த கிட்டாருக்கு மட்டும் உரிய சிறப்பாக இல்லை. ஆகவே மலிவான கிட்டாரில் சுருதி பிசகினால், ஃபிரெட்கள் தவறான இடத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது நட். நெக்கின் தலைப்பக்கத்தில் தந்திகள் பள்ளங்களில் படிந்து செல்லும் அந்தச் சிறு பட்டையை, விலை குறைந்த கிட்டார் வாங்கும் எவரும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை. கட்டுரையாளரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்தையும் அந்தந்தத் தந்தியின் பருமனுக்கு ஏற்ற அரத்தால் சிறிது சிறிதாக இழைத்து இறக்க வேண்டும். சற்றே அதிகமாக இறங்கிவிட்டால் தந்தி முதல் ஃபிரெட்டில் உரசி இரையும். பிறகு பட்டையையே மாற்ற வேண்டிவரும். எனவே, ஒரு கருவிக்குச் சில நிமிடங்களே ஒதுக்கக்கூடிய தொழிற்சாலை, ஆபத்தில்லாத பக்கமாக நின்று பள்ளங்களை உயரமாகவே விட்டுவிடுகிறது. இதன் விளைவு முதல் மூன்று ஃபிரெட்களில்தான் மிகுதியாகத் தெரியும். அங்கே தந்தியை அழுத்த அதிக வலிமை வேண்டும். அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு, சுருதி மேலே ஏறும். திறந்த தந்திகள் ஆறும் டியூனரில் சரியாகக் காட்ட, அவற்றைக் கொண்டு பிடிக்கும் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மட்டும் காதில் புளிப்பது இதனால்தான். புதிதாகக் கற்பவர் முதல் பல மாதங்கள் வாசிப்பது இந்த மூன்று ஃபிரெட்களில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், குறை எங்கே இருந்தால் அவருக்கு மிகவும் வலிக்குமோ சரியாக அங்கேயே அது இருக்கிறது என்பது விளங்கும். எஃப் மேஜர் கார்டைப் பிடிக்க முடியாமல் கிட்டாரையே மூலையில் வைத்துவிட்டவர்களில் பலரைத் தோற்கடித்தது உயரமான நட்டாக இருக்கலாம் என்பது என் நீண்ட நாள் சந்தேகம். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மூன்றாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும். மெல்லிய தாள் நுழையும் அளவுக்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் பள்ளம் உயரமாக இருக்கிறது என்று பொருள்.

ஃபிரெட்களின் கதையும் இதைப் போன்றதே. இருபத்தொன்றோ இருபத்திரண்டோ உலோகக் கம்பிகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று சற்று உயர்ந்திருந்தால், அதற்கு முந்தையதில் அழுத்தும்போது தந்தி அதன் மேல் மோதி இரையும். விலை உயர்ந்த பதிப்பில் ஃபிரெட்களை மட்டமாக்கி, உச்சியை மீண்டும் வளைவாக்கி, மெருகேற்றும் வேலைக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. மலிவுப் பதிப்பில் அந்த வேலை சுருக்கப்பட்டு, இரைச்சல் தெரியாமலிருக்கத் தந்திகளின் உயரம் கூட்டப்படுகிறது. உயரம் கூடினால் விரல் வலிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்னொன்றையும் வாசகர்கள் கவனித்திருக்கலாம்: வறண்ட காற்றில் சில வாரங்கள் இருந்த மலிவான கிட்டாரின் நெக் ஓரத்தில் கை வைத்து நகர்த்தினால் ஃபிரெட் முனைகள் கையைக் கீறும். மரம் குறுக்குவாட்டில் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை; அவ்வளவுதான். இது நெக் மரம் போதுமான அளவு பதப்படுத்தப்படவில்லை என்பதற்கு ஓர் அறிகுறி. ஆனாலும் அரம் பிடிக்கத் தெரிந்தவர் ஒரே அமர்வில் சரிசெய்யக்கூடியது. உயர் விலை வரிசைகளில், நெக்கின் முன்புறத்தில் ஃபிரெட்கள் பதிந்திருக்கும் விரல்பலகையின் ஓரங்களையே மழுக்கி உருட்டிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் வாசித்துத் தேய்ந்தது போன்ற அந்த உணர்வுதான், கடையில் எடுத்த முதல் நொடியிலேயே வாங்குபவரை மயக்குகிறது.

சுருதி நிற்பதில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வழக்கமாகப் பழி சுமப்பவை, தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீகள். மட்டமான கீகளில் பற்சக்கரங்களுக்கு இடையே தளர்வு இருக்கும் என்பது உண்மை. திருப்புகிற கைக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் தந்தியின் இழுவிசை அந்தத் தளர்வை எப்போதும் ஒரே பக்கமாக இறுக்கி வைத்திருப்பதால், ஒருமுறை மேலேற்றிச் சுருதி சேர்த்த தந்தியை அவை பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். நான் பார்த்தவரையில் பெரும்பாலான தொல்லைகள் நட்டின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்வதாலும், தந்தியைக் கீயில் சரியாகச் சுற்றாததாலும், கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்க உதவும் டிரெமோலோ பிரிட்ஜ் சமநிலையில் அமையாததாலும் வருபவை. வளைத்து வாசித்த தந்தி பழைய இடத்துக்குத் திரும்பும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்டால், குற்றவாளி நட் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கட்டுரையின் முழுப் பாரமும் அதன் மேல்தான் ஏற்றப்பட்டிருக்கிறது. உயர் விலைப் பதிப்பில் ஆல்டர், மலிவுப் பதிப்பில் பாப்லர் என்பது சரியான தகவல்தான். ஆனால் கிட்டார் செய்யப் பயன்படும் இவ்விரு மரங்களும் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ளவை. அடர்த்தியைக் கொண்டு ஒன்றை உயர்ந்தது, மற்றதைத் தாழ்ந்தது என்று வகுக்க வழியில்லை. ஃபெண்டர் நிறுவனமே முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை ஆஷ் மரத்தில் செய்து, 1956 வாக்கில் பெரும்பாலானவற்றை ஆல்டருக்கு மாற்றியது. ஆஷ் மரத்தின் திறந்த நார்த் துளைகளை நிரப்பிப் பூச்சு பூசுவதைவிட ஆல்டருக்குப் பூசுவது எளிது. இன்று தெய்வீக ஒலிக்குக் காரணமாகப் பேசப்படும் மரத் தேர்வில் தொழிற்சாலையின் வசதிக்கும் பங்கு உண்டு. அடுத்து, உட்குழிவில்லாத எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்அப் கேட்பது காற்றின் அதிர்வை அன்று. காந்தப் புலத்தில் எஃகுத் தந்தி அசையும்போது, மயிரிழையிலும் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான முறை சுற்றப்பட்ட சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஆம்ப்ளிஃபையருக்குப் போய்ச் சேருவது அதுவே. மரம் தந்தியின் அசைவைச் சற்று மாற்றலாம், குறிப்பாக நெக்கின் விறைப்பு. ஆனால் உடற்பகுதி ஆல்டரா பாப்லரா என்பதைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுச் சொல்லக்கூடியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. விரல்பலகை மரத்தைப் பற்றி ஒரு சிறு செய்தி: 2017 தொடக்கத்தில் ஈட்டி மரமும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றவையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஸ்குவையர் வரிசைகள் இந்தியன் லாரல் எனப்படும் நம் கருமருதுக்கும், மெக்சிகோ வரிசைகள் பாவ் ஃபெர்ரோ என்னும் தென் அமெரிக்க மரத்துக்கும் மாறின. 2019 இறுதியில் முழுமையாகச் செய்யப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இந்த மாற்றத்தின் பின்னே இருந்தவை அனுமதிச் சீட்டுகளும் காகித வேலையும்; தரத்தைக் குறைக்கும் சதி எதுவுமில்லை.

ஒலியில் உண்மையான வேறுபாட்டைத் தேடுபவர்கள் பிக்அப்களைப் பார்க்க வேண்டும். உயர் விலைப் பதிப்புகளில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் தண்டுகளே அல்னிகோ காந்தங்கள்: அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவற்றின் கலவை. மிக மலிவான வரிசைகளில் அங்கே நிற்பவை வெறும் எஃகுத் தண்டுகள். அடியில் ஒட்டப்பட்ட பீங்கான் காந்தப் பட்டை ஒன்று அவற்றைக் காந்தமாக்குகிறது. எஃகு சுருளின் மின்தூண்டலைக் கூட்டுவதால் மேல் அலைவரிசைகள் சற்று மங்கி, நடுப்பகுதி தடிக்கிறது. இதைக் கெட்ட ஒலி என்று நான் சொல்ல மாட்டேன், வேறு ஒலி. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அதிகமாக வைத்து வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். தூய ஒலியில் மெல்ல மீட்டுபவருக்குத் தெளிவாகத் தெரியும். கட்டுரையாளர் கேட்ட தட்டைத்தன்மையின் ஒரு பகுதி இதிலிருந்து வந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிக்அப்பின் உயரத்தை இரண்டு திருகுகளைத் திருப்பி மாற்றினாலே ஒலி எவ்வளவு மாறும் என்பதை அவர் சோதித்திருக்க வேண்டும். மிக நெருக்கமாக ஏற்றிய காந்தம் தந்தியைத் தன்பக்கம் இழுத்து, சுருதியையே அலைக்கழிக்கும். மிகக் கீழே இறங்கியிருந்தால் ஒலி சோர்ந்துபோகும். அதேபோல், நடுப் பிக்அப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் மாற்றி வைக்கப்பட்டிருந்தால், இரண்டு பிக்அப்கள் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் மின்சார இரைச்சல் அடங்கிவிடும். சில மலிவு வரிசைகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. வாங்கும் முன் கேட்டுப் பார்க்க இது நல்ல கேள்வி.

சுவிட்ச், வால்யூம் குமிழ், கேபிள் செருகும் துளை, டிரெமோலோவின் கீழ்த்தொங்கும் உலோகக் கட்டி ஆகியவற்றில் மிச்சம் பிடிக்கப்பட்டிருப்பது வெளிப்படை. எல்லாம் மாற்றக்கூடியவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்படியானால் உயர் விலை வெறும் பெயருக்குத்தானா என்று கேட்கலாம். கட்டுரைக்கு மறுமொழியாகச் சில வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்கள் அப்படித்தான் சொல்கின்றன; அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கூடுதல் விலையின் ஒரு பகுதி, அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்புக்கும் இந்தோனேசியாவில் ஒரு மணி நேர உழைப்புக்கும் உள்ள கூலி வேறுபாடுதான். அந்தப் பகுதிக்கு வாசிப்பவர் கையில் எந்தப் பலனும் வந்து சேர்வதில்லை. மற்றொரு பகுதி நெக்குக்குப் போகிறது, அது வீண் செலவு அன்று. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் நெக்கை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நன்கு தேர்ந்து, பதப்படுத்தி, பொறுமையாகக் காயவைத்த மேப்பிள் நெக் அந்த இழுவையைத் தாங்கிப் பருவம் மாறினாலும் வடிவம் குலையாமல் இருக்கும். முறுகிப்போன நெக்கை, அதாவது ஒரு பக்கம் மட்டும் திரும்பிவிட்ட நெக்கை, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்னும் உலோகத் தண்டால் நேராக்க முடியாது. அது முன்னும் பின்னுமான வளைவை மட்டுமே திருத்தும். நான் மேலே சொன்ன குறைகளில் எதையும் சரிசெய்துவிடலாம், இதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மலிவான கிட்டார் வாங்குபவர் ஒலியைக் கேட்பதற்கு முன்னால், நெக்கின் அடியிலிருந்து தலை வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்துவிட வேண்டும்.

உயர் விலை தரும் இன்னொன்று ஒருசீர்மை. கொரோனாவில் செய்த ஒரே வகைக் கிட்டார்களில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மலிவு வரிசையில் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று அருமையாகவும் மற்றது தொல்லையாகவும் இருப்பது உண்டு. இதனால்தான், ஒரே ஒரு மலிவான கிட்டாரை வைத்து அந்த வரிசை முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது சரியாகாது. கட்டுரையின் மிகப் பெரிய பலவீனமாக நான் கருதுவது இதைத்தான்.

மலிவுப் பெயர் தாங்கியது தாழ்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பதற்கு வரலாறும் துணை நிற்கவில்லை. ஸ்குவையர் என்பது முதலில் ஒரு தந்தி தயாரிப்பாளரின் பெயர். 1965இல் ஃபெண்டர் அதை வாங்கியது. 1982இல் ஜப்பானில் செய்யப்பட்ட கிட்டார்களில் அந்தப் பெயர் பொறிக்கப்பட்டபோது, அவை குறைந்த விலைப் பொருளாகவே விற்கப்பட்டன. ஜே.வி. என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட அந்தக் கிட்டார்களைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். கிப்சன் நிறுவனம் 1954இல் மாணவர்களுக்கென்று வெளியிட்ட லெஸ் பால் ஜூனியரும் அப்படியே: மேற்புறம் செதுக்கப்படாத தட்டையான பலகை, ஒரே ஒரு பிக்அப். ராக் மேடைகளில் அது பிடித்த இடம் யாரும் அறிந்தது.

கற்பவருக்கு என் பரிந்துரை, கட்டுரையாளரின் அறிவுரைக்கு நேர்மாறானது. மிக மலிவான வரிசைகளுக்கு மேலே இருக்கும், அல்னிகோ பிக்அப் கொண்ட ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசை போன்ற ஒன்றை நேரான நெக் பார்த்து வாங்கி, மிச்சமாகும் பணத்தில் சிறு பகுதியை ஒரு முழுமையான செட்டப்புக்கும், மற்றதை நல்ல ஆம்ப்ளிஃபையருக்கும் செலவிடலாம். நடுத்தர ஆம்ப்ளிஃபையரில் விலை உயர்ந்த கிட்டார் ஒலிப்பதைவிட, நல்ல ஆம்ப்ளிஃபையரில் மலிவான கிட்டார் இனிமையாக ஒலிக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பிற்காலத்தில் விற்கும் எண்ணம் இருப்பவர்கள், மலிவான கிட்டாரில் பிக்அப், கீ, பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகக் கூடாது. அந்தச் செலவு விற்கும்போது திரும்ப வராது. அந்த வகையில், பயன்படுத்திய நிலையில் கிடைக்கும் மெக்சிகோ வரிசைக் கிட்டார் பலருக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய ஒப்பீட்டை அடுத்த முறை வெளியிடும்போது, இரு கிட்டார்களுக்கும் ஒரே பருமனுள்ள புதிய தந்திகளைப் பூட்டி, ஒரே அளவில் செட்டப் செய்த பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். இந்த வகை விரல்பலகைக்கு ஃபெண்டர் நிறுவனமே கூறும் அளவுகள் இருக்கின்றன: நெக்கின் வளைவு 0.25 மில்லிமீட்டர், பதினேழாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் 1.6 மில்லிமீட்டர். இந்த அளவுக்கு இறக்கியும் மலிவான கிட்டார் இரைந்தால், அது ஃபிரெட் வேலையின் குறை என்று உறுதியாக எழுதலாம். இரையாவிட்டால் அதையும் எழுத வேண்டும். மலிவு வரிசையில் குறைந்தது இரண்டு கருவிகளையாவது எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் கையில் எந்தக் கிட்டார் இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியாதபடி ஒருமுறையேனும் கேட்கச் செய்யுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்த அளவுகளையும், செட்டப்புக்குப் பின் கிடைத்த அளவுகளையும் ஒரு சிறு கட்டத்தில் அருகருகே அச்சிட்டால், கூடுதல் விலையில் எவ்வளவு கைவேலைக்குப் போகிறது என்பதை வாசகர்கள் தாங்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்